இன்னிக்கு ராத்திரி எங்கே படுப்பது?

இளைஞர் வகுப்புக்கான பாடம்

இந்த மாதப் பாடத்தை என்னிடம் எழுதச் சொன்னபோது நான் கொஞ்சம் தயங்கினேன். நான் ஸ்கூடாயில் சிவில் பொறியியல் படிக்கிற மாணவன். பீம், காலம், டிரெய்னேஜ் பற்றிக் கேட்டால் ஏதோ சொல்வேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாமல் நின்ற ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை. எங்கள் கிளையில் ஆறு பேர் சேர்ந்து லார்கின் சென்ட்ரல் பேருந்து நிலையம் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். நாற்பது பொட்டலம் சைவ பிரியாணி, நாற்பது போத்தல் தண்ணீர். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படம் எடுத்தாச்சு, புலனக் குழுவில் போட்டாச்சு. கிளம்பும் நேரத்தில் ஒரு பெரியவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசிப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டார்:

"சாப்பாடு சரி தம்பி. இன்னிக்கு ராத்திரி எங்க படுக்கிறது? போன வாரம் வரைக்கும் ஒரு கடை அஞ்சடியில படுத்தேன். இப்ப அங்க கேட் போட்டுட்டாங்க."

நாங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருத்தன் கோயில் என்றான். கோயில் ராத்திரி சாத்திவிடுவார்கள். இன்னொருத்தி முதியோர் இல்லம் என்றாள். எந்த இல்லம், யாரைக் கேட்பது, இந்த நேரத்தில் யார் கதவைத் திறப்பார்கள்? ஆறு பேரிடமும் ஸ்மார்ட்போன், ஆறு பேரும் பல்கலைக்கழகம் படிக்கிறவர்கள். கடைசியில் நான் சொன்னது, "மன்னிச்சிருங்க ஐயா, தெரியல." அவர் சிரித்தார். "பரவால்ல தம்பி, பார்த்துக்கலாம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம்தான், எனக்கு அதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார்.

2020 மார்ச் 16-ஆம் தேதி ராத்திரி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார்கள். 18-ஆம் தேதியிலிருந்து அமல். ஜோகூர்க்காரர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது: இந்தப் பக்கம் இருந்தால் வேலை போகும், அந்தப் பக்கம் இருந்தால் வீடு இல்லை. அப்பா ஒரு பையோடு அந்தப் பக்கம் போனார். எங்களிடம் "கம்பெனியில ரூம் கொடுத்துட்டாங்க" என்று போனில் சொன்னார். உண்மையில் முதல் இரண்டு ராத்திரி கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையம் பக்கத்தில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறார். அவரைப் போல் இன்னும் பல மலேசியர்கள் அங்கே இருந்தார்கள், செய்தியிலும் வந்தது. பிறகு அந்த நாட்டு அதிகாரிகள் வந்து தற்காலிகத் தங்குமிடத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்பா சொன்னது இதுதான்: "அவுங்க வந்து கேக்குற வரைக்கும் எனக்கு யார்கிட்ட கேக்கணும்னே தெரியல. கேக்க வெக்கமாவும் இருந்துச்சு."

மாதச் சம்பளம் வாங்குகிற, வீடு உள்ள, பிள்ளை படிக்கிற என் அப்பா. வீடில்லாதவர் என்றதும் நம் மனதில் தாடியும் அழுக்கு வேட்டியுமாக ஓர் உருவம் வருகிறது, பாருங்கள், அதை இந்தப் பாடத்துக்கு முதலில் ஓரமாக வையுங்கள். கெடாவிலிருந்து ஏஜெண்டை நம்பி ஜே.பி.க்கு வந்து, ஏஜெண்டு போனை அடைத்துவிட, லார்கினில் நிற்கிற இருபது வயதுப் பையன் இருக்கிறான். புருஷன் அடித்து ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையோடு வெளியே வந்த அக்கா இருக்கிறார். வெள்ளத்தில் வீடு போன பாட்டி இருக்கிறார். நாலு பேருக்கும் வழி வேறு வேறு. அதனால்தான் அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில் இருக்கும் என்று தேடினோம்.

இரண்டு எண்

முதலில் 999. உயிருக்கு ஆபத்து, அடிதடி, தீ, நீரில் மாட்டிக்கொண்டது என்றால் இதுதான். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மீட்புப் படை, பொதுத் தற்காப்புப் படை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண்.

இரண்டாவது 15999, தாலியான் காசே. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு. வீடில்லாதவர், கைவிடப்பட்ட முதியவர், கொடுமைக்குள்ளான பிள்ளை, குடும்ப வன்முறை என எல்லாவற்றுக்கும் கூப்பிடலாம். அங்கிருந்து சம்பந்தப்பட்ட மாவட்ட சமூகநல இலாகாவுக்கு, அதாவது நாம் ஜே.கே.எம். என்று சொல்கிறோமே, அதற்குத் தகவல் போகும்.

கூப்பிடும்போது எப்படிப் பேசுவது? இதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நான் முதல் தடவை கூப்பிட்டபோது, "ஒரு அங்கிள் இருக்காரு, பாவம், ஏதாவது செய்யுங்க" என்ற மாதிரி உளறினேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேள்வி கேட்டு எடுத்தார். சரியான இடம் எது, பக்கத்தில் என்ன கடை அல்லது தூண் எண், ஆணா பெண்ணா, ஏறக்குறைய வயது, தனியாகவா, நடக்க முடிகிறதா, காயமோ நோயோ இருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா, எத்தனை நாளாக அங்கே இருக்கிறார். இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். கடைசியில் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் தொடர்ந்து கேட்க அது வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

"புடிச்சிட்டுப் போயிருவாங்க"

தெருவில் இருக்கிற பல பெரியவர்களுக்கு ஜே.கே.எம். என்றாலே பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் இருக்கிறது. மலாயில் அக்தா ஓராங் பாப்பா. பொது இடத்தில் பிச்சை எடுப்பவரையும், பிழைக்க வழியோ தங்க இடமோ இல்லாமல் சுற்றுபவரையும் சமூகநல அதிகாரி தம் பொறுப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட், விசாரணை அறிக்கை வரும் வரை ஒரு மாதத்துக்கு மேற்படாமல் இல்லத்தில் வைக்கச் சொல்லலாம். அறிக்கையைப் பார்த்த பிறகு மூன்று ஆண்டு வரை நலன்புரி இல்லத்தில் இருக்க உத்தரவிடலாம். ஆதரவு கொடுக்கிற சட்டம்தான், ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற சட்டமும் அதுவே. சில சமூக அமைப்புகளும் வழக்கறிஞர்களும் இதைத் திருத்த வேண்டும் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். என் சொந்தக் கருத்தும் அதுதான். ஒரு மனிதர் ஏழையாக இருக்கிறார் என்பதற்காக அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் இருக்கும்வரை அது எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்லது செய்கிறோம் என்று போய் ஒருவரைப் பயமுறுத்திவிட்டு வருவோம்.

அதே சட்டத்தில், ஒருவர் தாமாகவே போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் இடம் இருக்கிறது. பெரியவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

எங்கே சேர்ப்பார்கள்? வேலை செய்யும் வயதில் இருக்கிற ஆதரவற்றவர்களுக்கு நம் மாநிலத்திலேயே மெர்சிங்கில் டேசா பினா டிரி என்ற இல்லம் இருக்கிறது. 60 வயதைத் தாண்டிய, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத முதியவர்களுக்கு ரூமா ஸ்ரீ கெனாங்கான்; ஜோகூர் பாருவிலும் ஒன்று உண்டு. இரண்டும் ஜே.கே.எம். நடத்துபவை. இதைத் தவிர அஞ்சோங் சிங்கா என்று ஒன்று. தேசிய நலன்புரி அறவாரியம் 2011-இல் கோலாலம்பூரில் தொடங்கியது, பிறகு ஜோகூர் பாருவுக்கும் வந்தது. இது இல்லம் இல்லை. பெயரே சொல்கிற மாதிரி வழியில் நின்று போகிற திண்ணை. படுக்கை, குளியல், சாப்பாடு கொடுத்து, வேலை தேட உதவி செய்து அனுப்புகிற ஏற்பாடு. ஏஜெண்டிடம் ஏமாந்த அந்த இருபது வயதுப் பையனுக்குப் பொருத்தமானது இந்த மாதிரி இடம்தான். போவதற்கு முன்னால் 15999-இல் கேட்டு, இப்போது இடம் இருக்கிறதா, என்ன பத்திரம் வேண்டும் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு டாக்சிக்குக் காசு கொடுத்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நிற்கக் கூடாது.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: முதல் வேலையாகப் போலீஸ் ரிப்போர்ட். பணம் போனது, அடையாள அட்டை போனது இரண்டையும் அதில் எழுத வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் எந்த வாசலிலும் பேச்சு நீளும். புது அட்டைக்கு கொத்தாராயாவில் இருக்கிற யு.டி.சி.க்குப் போகலாம். பேருந்து நிலையத்தில் யாராவது, "வா தம்பி, ரூம் இருக்கு, நாளைக்கே வேலை இருக்கு" என்று கூப்பிட்டால் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்திலேயே இரவைக் கழிக்கட்டும்.

இங்கே அந்த அக்காவைப் பற்றி. குடும்ப வன்முறையில் வெளியே வந்தவர் நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், காயம் சின்னதாக இருந்தாலும். அங்கே ஒரே இடத்தில் டாக்டர், போலீஸ், சமூகநல அதிகாரி மூவரையும் சந்திக்க வைக்கும் ஏற்பாடு உண்டு, ஓ.எஸ்.சி.சி. என்பார்கள். 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பிறகு செய்த திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, ஏழு நாள் செல்லும். பாதுகாப்பான தங்குமிடத்தையும் அவர்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்த இடத்தின் முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள், தெரிந்தாலும் யாரிடமும் சொல்லாதீர்கள். "குடும்பம்னா அப்படித்தான்மா, அனுசரிச்சுப் போ" என்று அட்வைஸ் பண்ணும் வேலையும் நமக்கு வேண்டாம்.

சோறு

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் தங்குமிடத்தைவிட எவ்வளவோ மேல். ஜே.பி. நகரத்துக்குள்ளேயே ஜாலான் உங்கு புவானில் 1911-இலிருந்து இருக்கிற அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஜாலான் துருஸ்ஸில் சீக்கியர்களின் குருத்துவாரா. குருத்துவாராவில் லங்கர் என்ற பொதுப் பந்தி எந்த மதக்காரருக்கும் உண்டு. யார், என்ன என்று கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, தலையைத் துணியால் மூடி உள்ளே போக வேண்டும். எல்லாரும் தரையில் சமமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பாடு சைவம்தான். நம் கோயில்களில் அன்னதானம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பசியோடு இருப்பவரை "கோயிலுக்குப் போங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. "இன்ன கோயில், வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணி" என்று சொன்னால்தான் அவர் போவார்.

வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். இன்று வரை அந்த அடுப்பை அணைய விடாமல் சமைத்துப் போடுகிறார்கள் என்று நாம் எல்லாரும் மேடையில் பேசியிருக்கிறோம். நானும் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசு வாங்கும்போது எனக்கு உறைக்காத ஒன்று: அந்த அடுப்பின் பெருமை அது தினமும் எரிவதில்தான் இருக்கிறது. நாங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாற்பது பொட்டலம் கொடுக்கிறோம். மற்ற இருபத்தொன்பது நாளைக்கு அவர்களுக்கு எங்கே சோறு என்று நாங்கள் கேட்டதே இல்லை.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2021 ஜூன் கடைசி, ஜூலை மாதங்களில் வெள்ளைக் கொடி இயக்கம் ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கில் வேலை இழந்தவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் பக்கத்து வீட்டார் அரிசி, முட்டை, பால் மாவு கொண்டு வந்து கொடுத்தார்கள். வாய் திறந்து கேட்கத் தேவையில்லை என்பதுதான் அந்த யோசனையின் அழகு. அப்படியும் எங்கள் தாமானில் ஒரு குடும்பம் கொடியை வாசலில் கட்டாமல் பின்பக்கம் கொல்லையில் கட்டியிருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது, ஆனால் யாராவது பார்க்கவும் வேண்டும்.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். என் கூடப் படிக்கிற ஒருவன் செமஸ்டர் கடைசியில் மூன்று வாரம் மெகி மட்டுமே சாப்பிட்டான். டயட் என்றான். 2019-இலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஃபூட் பேங்க் சிஸ்வா திட்டம் இருக்கிறது. மாணவர் நலப் பிரிவில் கேட்டால் எங்கே எடுப்பது என்று சொல்வார்கள். அவனுக்கு அது தெரியும். போகத்தான் மனம் வரவில்லை. கடைசியில் நான், "டேய், எனக்கும் வேணும், தனியா போக ஒரு மாதிரியா இருக்கு, வா" என்று கூட்டிக்கொண்டு போனேன். பொய்தான். இந்த ஒரு பொய்க்கு யாரும் என்னைத் திட்ட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளம்

இனி ஜோகூர்க்காரர்கள் எல்லாருக்கும் என்றைக்காவது தேவைப்படப்போகிற பகுதிக்கு வருவோம். 2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கி இரண்டு தடவை மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட், குளுவாங் பக்கமெல்லாம் தண்ணீர். நம் மாநிலத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல் நிவாரண மையங்களில் இருந்தார்கள். பத்து பகாட்டில் சில இடங்களில் மழை விட்ட பிறகும் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கடலோரத்துத் தாழ்வான, சமதளமான நிலம். ஆற்றுக்கு இறங்கி ஓட மேடு பள்ளம் இல்லை, கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை. மழை நின்றதும் வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு செட் துணியோடு போனவர்கள் ரொம்பவும் சிரமப்பட்டார்கள்.

எங்கள் பாட்டி வீடு சாவாவில். 2023 மார்ச்சில் நான் முதலாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருந்தேன். மாமா போன் செய்தார்: தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது, பாட்டி கிளம்ப மாட்டேன் என்கிறார். காரணம், சாமி மேடை. "வெளக்கு ஏத்தாம ஒரு நாளும் இருந்ததில்ல. 2006-ல கூட முட்டிக்கு மேல வரலடா."

அப்போது நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஜே.பி.எஸ். என்கிற வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தைத் திறந்து பார்த்ததுதான். ஒவ்வொரு ஆற்று நிலையத்திலும் நீர்மட்டத்தை நாலு படியாகக் காட்டுவார்கள்: சாதாரணம், வஸ்பாடா என்கிற விழிப்பு நிலை, அமாரான் என்கிற எச்சரிக்கை, பஹாயா என்கிற அபாயம். உங்கள் வீட்டுப் பக்கத்து நிலையத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றின் மேற்பக்கம், தண்ணீர் வருகிற திசையில் உள்ள நிலையத்தையும் பாருங்கள். அங்கே இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், உங்கள் இடத்தில் மழை விட்டிருந்தாலும் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்று மேல் நிலையத்தில் அபாயக் கோட்டைத் தாண்டி மணிக்கு மணி ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி, "கம்ப்யூட்டரா வந்து வெளக்கு ஏத்தும்?" என்று கேட்டார். கடைசியில் மாமா சாமி படங்களை எல்லாம் அலமாரி உச்சிக்கு ஏற்றி, காமாட்சி விளக்கை மட்டும் துணியில் சுற்றிப் பாட்டி கையில் கொடுத்த பிறகுதான் கிளம்பினார். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு இறங்கினார்கள். அன்று இரவே தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு.

போன இடம் பி.பி.எஸ்., தற்காலிக நிவாரண மையம். ஒரு பள்ளி மண்டபம். எந்த மையம் திறந்திருக்கிறது என்பதை ஜே.கே.எம்.மின் இன்ஃபோ பென்சானா தளத்தில் பார்க்கலாம். நெட் இல்லையென்றால் மாவட்ட அலுவலகத்தையோ பொதுத் தற்காப்புப் படையையோ கேட்கலாம். வாசலில் ஜே.கே.எம். அதிகாரிகள் பெயர், அடையாள அட்டை எண், குடும்பத்தில் எத்தனை பேர் என்று பதிவு செய்வார்கள். இந்தப் பதிவை அலட்சியமாக நினைக்காதீர்கள். சாப்பாடு, பாய், போர்வை எண்ணிக்கை எல்லாம் இதை வைத்துத்தான். பின்னால் வருகிற பந்துவான் வாங் இஹ்சான் உதவித்தொகைக்கும் (2023-இல் அது குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட்டாக இருந்தது) இந்தப் பதிவு கைகொடுக்கும். மையத்துக்குப் போகாமல் உறவுக்காரர் வீட்டில் தங்கினாலும், கிராமத் தலைவரிடமோ மாவட்ட அலுவலகத்திலோ பாதிக்கப்பட்டவர் என்று உடனே பெயர் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் நின்ற அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

பாட்டி விஷயத்தில் நாங்கள் கோட்டை விட்டது வேறு இடத்தில். பாட்டிக்கு இனிப்புநீர், இன்சுலின் போடுபவர். மருந்து பையில் இருந்தது, ஆனால் அதைக் குளிரில் வைக்க வேண்டும். "இத்தனை ஜனம் கஷ்டப்படுது, நான் போய் ஐஸ்பெட்டி கேக்குறதா" என்று பாட்டி ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. ஊசியும் போடவில்லை. இரண்டாம் நாள் மயக்கம். நல்லவேளை, சுகாதார அமைச்சின் மருத்துவக் குழு மையத்துக்கு வந்திருந்தது. உடனே கவனித்து, மருந்தை வைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அந்த நர்ஸ் மாமாவிடம் சொன்னாராம், பதிவு செய்யும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே செய்திருப்போம் என்று. ஆகவே பதிவு மேசையில் வாயைத் திறந்து சொல்லுங்கள்: இன்சுலின், டயாலிசிஸ், கர்ப்பிணி, கைக்குழந்தை, சக்கர நாற்காலி, எதுவாக இருந்தாலும். சைவம் என்றாலும் சொல்லலாம். பாட்டிக்கு வெள்ளிக்கிழமை கறி, மீன் இல்லாமல் ஒரு தட்டு தனியாகக் கொடுத்தார்கள். கேட்டதும் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்கு முன்பே ஒரு பை. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், வீட்டுக் கிராண்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படமும் எடுத்து வையுங்கள். மருந்து ஒரு வாரத்துக்கு, மருத்துவமனைப் புத்தகம், பவர் பேங்க், கைலி, துண்டு. வெள்ளத்தில் அடையாள அட்டை போனால் ஜே.பி.என். புதுசுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ரிப்போர்ட் எடுத்துப் போங்கள். திரும்பி வந்து வீடு கழுவும்போது சப்பாத்தும் கையுறையும் போடுங்கள், எலிக்காய்ச்சல் அந்தச் சேற்றில்தான் வருகிறது.

சைக்கிள்

லார்கின் பெரியவரை அடுத்த சனிக்கிழமையும் தேடிப் போனோம். இரண்டாவது வாரம்தான் கிடைத்தார். பொட்டலம் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். ஒரு காலத்தில் உலு திராம் பக்கம் தோட்டத்தில் வேலை, பிறகு லோரி கிளீண்டர், பிறகு முட்டி வலி. ஜே.கே.எம். என்றதும், "ஐயோ வேணாம் தம்பி, லோக்காப் மாதிரி பூட்டி வெச்சிருவாங்க" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. தாமாகக் கேட்டுப் போவது எப்படி, ஸ்ரீ கெனாங்கானில் என்ன இருக்கும் என்று தெரிந்ததை மட்டும் சொன்னோம். மூன்றாவது வாரம் அவரே கேட்டார், "அந்த நம்பர் என்னா சொன்னீங்க?" என் போனில் அவரையே பேச வைத்தோம். மலாயில் எங்களைவிட நன்றாகப் பேசினார். இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்து பார்த்தார், மருத்துவப் பரிசோதனை, விசாரணை என்று நடந்தது. உடனே ஒன்றும் ஆகிவிடவில்லை. நடுவில் சில ராத்திரி அவர் வெளியேதான் படுத்தார். கிளைச் செயலாளர் வீட்டில் தங்கச் சொன்னோம், வரவில்லை. போகிற அன்று அவருக்கு ஒரே கவலை, சைக்கிளை என்ன செய்வது என்று. அது இப்போது செயலாளர் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது. மாதம் ஒரு தடவை போய் அவரைப் பார்க்கிறோம். முதலில் சைக்கிளைத்தான் விசாரிப்பார்.

அடுத்த வகுப்புக்கு முன் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கிளையும் தன் ஊருக்கு ஒரு பக்கத்தில் அட்டவணை தயாரித்து வாருங்கள். மாவட்ட ஜே.கே.எம். அலுவலக எண், மாவட்ட அலுவலக எண், பக்கத்து அரசு மருத்துவமனை, அன்னதானம் நடக்கும் கோயில்கள் கிழமையும் நேரமும் சேர்த்து, குருத்துவாரா இருந்தால் அதுவும், வெள்ளத்தின்போது வழக்கமாக நிவாரண மையமாகும் பள்ளி அல்லது மண்டபம். இணையத்தில் பார்த்து எழுத வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருவர் நேரில் கூப்பிட்டு, எடுக்கிறார்களா என்று பார்த்து, கூப்பிட்ட தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். வகுப்பில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து 15999-க்குப் பேசுவது போல் மலாயில் ஒரு தடவை பேசிப் பழகுவோம். சிகாமட், குளுவாங், மூவார் கிளைகள் வெள்ளப் பகுதியை விரிவாக எழுதுங்கள். எங்களைவிட உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம். வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், இன்றைக்கே ஒரு சின்னக் குளிர்ப்பையும் ஐஸ் பேக்கும் வாங்கி அந்தப் பையோடு வைத்துவிட்டு வாருங்கள்.